சோமவார விரதம் இருந்த நாய்

ஆதிமூலம் தன் மனைவியை 'வா, போ' என்றுதான் கூப்பிடுவார். நாயை 'வாங்க, போங்க' என்பார்.

"வாங்க பைரவரே, தயிர் சாதம் கொஞ்சம் சாப்பிடறீங்களா?" என்று அவர் வாசலில் குனிந்து கேட்கும்போதெல்லாம், சமையலறையிலிருந்து பாத்திரச் சத்தத்தோடு சேர்ந்து பாஞ்சாலையின் குரல் வரும்.

"இருபத்தெட்டு வருஷமா சோறாக்கிப் போடறேன். ஒரு நாளு என்னை 'சாப்ட்டியா'ன்னு கேட்டிருப்பீங்களா?"

"நீ என்ன, தினமும் விடியக்காலையில கோயிலுக்கா போயிட்டு வர்ற?" என்பார் ஆதிமூலம்.

நாய் போய்க்கொண்டிருந்தது. விஷயமே அதுதான்.

இரண்டு மாதம் முன்பு வரைக்கும் அதன் பெயர் ஜிம்மி. செவலை நிறம், பாதியில் மடிந்த இடது காது, பால்காரரைக் கண்டால் குரைப்பு, பக்கத்து வீட்டுச் செருப்பைக் கண்டால் ஆசை. மற்ற நாய்களைவிட ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அது வெளியே சுற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, நெற்றி நிறைய வெள்ளை வெளேரென்று விபூதி. ஆதிமூலம் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்றார். பாதி வார்த்தையாகவும் பாதி நுரையாகவும் வந்தது.

மறுநாளும் விபூதி. அதற்கு மறுநாளும். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறது, ஆறரைக்குத் திரும்புகிறது, நெற்றியில் விபூதி. அடி அண்ணாமலையில் வீடு. நாலு தெரு தள்ளினால் கோயில். தலையைத் தூக்கினால் மலை. வேறு எங்கே போயிருக்க முடியும்? இத்தோடு முடிந்ததா? திங்கட்கிழமைதோறும் அது சோற்றைத் தொடவில்லை. முகர்ந்து பார்க்கும், பெருமூச்சு விடும், சுருண்டு படுத்துக்கொள்ளும்.

"சோமவார விரதம்!" என்றபோது ஆதிமூலத்தின் கண்கள் கலங்கிவிட்டன. அன்றே ஜிம்மிக்குப் பைரவர் என்று பெயர் மாறியது. வீட்டில் கருவாடு நின்றது. முட்டை நின்றது. பாஞ்சாலை மட்டும் பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று மாதம் ஒருமுறை மகன் வீட்டுக்குப் போய், மீன் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு வந்தாள்.

கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆதிமூலம் கிரிவலப் பாதை ஓரத்தில் கற்பூரமும் விபூதியும் விற்கிறவர். "பொட்டலத்தைப் பிரிக்காமலே எது நல்ல விபூதி, எது கலப்படம்னு சொல்லிடுவேன்" என்று இருபத்திரண்டு வருடமாகப் பெருமை பேசுகிறவர். அப்படிப்பட்டவர் தன் வீட்டு நாயின் நெற்றியை மட்டும் ஒரு தடவைகூட முகர்ந்து பார்க்கவில்லை.

அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்படவில்லை. 'மீசைக்காரர் கடை' என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இருபத்திரண்டு வயதில் வளர்க்க ஆரம்பித்த மீசை. இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி மேலேறி, முனையில் சுருண்டு நிற்கும். பௌர்ணமிக்கு வருகிற ஆந்திராக்காரர்கள் மலையோடு ஒரு செல்ஃபி, மீசையோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டுதான் போவார்கள். கல்யாணத்துக்கு முன் பாஞ்சாலைக்குக் காட்டிய போட்டோவில்கூட மீசைதான் பிரதானம்.

"மீசையப் பார்த்துதான் சரின்னு சொன்னேன். மீதியையும் பார்த்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்பாள் அவள்.

அந்த மீசைக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆபத்து வந்தது. வந்தது பைக்கில். ஓட்டி வந்தவன் பாஞ்சாலையின் தம்பி இளஞ்செழியன்.

அவனுக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை. மனு வாங்குகிற பிரிவு. முப்பத்து மூன்று வயதுக்கு ஒருவழியாகப் பெண் அமைகிற மாதிரி இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆபீசுக்கு முன்னால் அக்கா வீட்டுக்கு ஓடி வந்திருந்தான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை போளூர்ல பொண்ணு பார்க்கறோம்க்கா. பேரு கவியா. என் போட்டோவைப் பார்த்துட்டு, மீசை நல்லாயிருக்குன்னு சொல்லுச்சாம்!" என்று தன் கத்தரித்த மீசையை ஒரு விரலால் தடவிக்கொண்டான். ஆதிமூலத்தின் மீசைக்கு முன்னால் அது மீசையின் குட்டி மாதிரி இருந்தது. இருந்தாலும் அவனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து பைரவர் உள்ளே வந்தார். நெற்றியில் விபூதி. நடையில் ஒரு நிதானம்.

"தரிசனம் நல்லபடியா ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஆதிமூலம் நெய் ஊற்றிய தயிர் சாதத்தைத் தட்டில் வைத்தார்.

இளஞ்செழியன் காபியை வாயிலேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தான். விழுங்கினான். பிறகு சிரித்தான் பாருங்கள், தொடையில் அடித்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து வழுக்கிக்கொண்டு.

"மாமா, தினமும் இருநூறு மனு வாங்கறேன். யாரு நடிக்கறாங்கன்னு மூஞ்சியப் பார்த்தாலே தெரியும். இந்த நாயி உங்களை ஏமாத்துது மாமா."

"வாயக் கழுவுடா. மனுஷன்தான் ஏமாத்துவான். நாய்க்கு ஏமாத்தத் தெரியாது. சோறு போட்டவனை ஏமாத்தவே தெரியாது."

"தட்டுல நெய்ச் சோறு விழுதுன்னா நானே நெத்தியில பட்டை போட்டுட்டு வருவேன் மாமா."

"நீ வருவ. அவரு அப்படியில்ல."

"அவரா?" இளஞ்செழியன் மறுபடியும் வழுக்கினான்.

ஆதிமூலத்துக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் அவர் கை தானாக மீசைக்குப் போகும். போன கை முறுக்கியது. வாய் கூடவே சேர்ந்துகொண்டது.

"பைரவரு என்னை ஏமாத்தறாருன்னு நீ காட்டு. இந்த மீசையை எடுத்துடறேன்!"

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.

"சத்தியமா?"

"அண்ணாமலையான் மேல."

"சரி. ஞாயித்துக்கிழமை காலையில நானே பின்னாடி போய்ப் பார்க்கறேன். நாயி கோயிலுக்குத்தான் போகுதுன்னா என் மீசையை எடுத்துடறேன்."

"டேய், வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்கப் போறடா!" என்று பாஞ்சாலை ஓடி வந்தாள். அதற்குள் இரண்டு பேரும் கையடித்து முடித்துவிட்டார்கள். பைரவர் தட்டை நக்கி முடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆதிமூலம் செல்போனை எடுத்துக்கொண்டு நாயின் பின்னால் கிளம்பினார். சந்தேகம் எல்லாம் இல்லை. மச்சானுக்கு ஒருநாள் முன்னாலேயே வீடியோ அனுப்பி அவன் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். பைரவருக்குத் தெரிந்தால் கூச்சப்படுவாரே என்று முப்பது அடி தள்ளியே நடந்தார்.

நாய் கோயில் பக்கம் திரும்ப வேண்டிய முனையில் திரும்பவில்லை. வயல்வெளிப் பக்கம் போகிற தெருவுக்குள் நுழைந்தது. 'சுற்று வழியாகப் போகிறார். பிரதட்சிணம்' என்று ஆதிமூலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெருக்கோடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. ஆவி பறந்தது. மிளகு வாசனை மூக்கில் ஏறியது. கரித்துண்டால் எழுதிய பலகை: 'விமல்ராஜ் ஆட்டுக்கால் பாயா. காலை மட்டும்.'

பாயாக்கடை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஆதிமூலம் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணாமலே கணக்குச் சரியாக வந்தது.

பெரிய விறகடுப்பு. அதில் ஆட்டுக்காலைப் போட்டு வாட்டி முடி பொசுக்குவார்கள். பக்கத்திலேயே சாம்பல் மேடு. வாட்டும்போது உதிர்கிற துண்டும், ஆட்கள் கடித்துப் போடுகிற எலும்பும் அந்தச் சாம்பலுக்குள்தான் போய் விழும். பைரவர் நேராகப் போனார், சாம்பலுக்குள் காது வரைக்கும் தலையை விட்டார், ஒரு முட்டி எலும்போடு வெளியே வந்தார்.

நெற்றி நிறைய விபூதி.

"வாங்க அண்ணாச்சி, ஒரு பாயா போடட்டுமா?" என்றான் விமல்ராஜ். "நம்ம ராஜாவைப் பார்க்கறீங்களா? டாண்ணு வந்துடுவான். ஞாயித்துக்கிழமை கும்பல் ஜாஸ்தி. அன்னிக்குத் தின்னுட்டுப் போனான்னா மறுநாளு இந்தப் பக்கமே வரமாட்டான், அப்படி ஒரு தீனி."

சோமவார விரதம்!

எலும்பைக் கடித்துக்கொண்டே நாய் திரும்பியது. எஜமானரைப் பார்த்தது. தாடை அப்படியே நின்றது. எலும்பை மெதுவாகக் கீழே வைத்தது. வைத்துவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தது. எப்பேர்ப்பட்ட பார்வை! உச்சியில் தீபம் எரிகிற மாதிரியும், தான் ஒருத்தன் மட்டும் அதைக் காண்கிற மாதிரியும்.

"எலும்பைத் தேடறப்போ தெரியாம சாம்பல் ஒட்டுதுப்பா. பாவம், அவருக்கு... அதுக்கு என்னா தெரியும்?" என்றார் ஆதிமூலம். கடைசி நம்பிக்கை.

"தெரியாமலா? நல்லா கேட்டீங்க. தின்னதும் தோ அந்தத் தொட்டியில தண்ணி குடிப்பான். மூஞ்சியெல்லாம் கழுவின மாதிரி ஆயிடும். அப்பால திரும்பி வந்து நெத்தியை மட்டும் சாம்பல்ல ஒரு தேய் தேய்ச்சிக்கிட்டுதான் வீட்டுக்குப் போவான். எதுக்குன்னுதான் எனக்குப் புரியல."

ஆதிமூலத்துக்குப் புரிந்தது. நெய்யின் விலை உட்பட எல்லாம் புரிந்தது.

அவருடைய கை மீசைக்குப் போனது. முறுக்க இல்லை, இருக்கிறதா என்று பார்க்க.

"தம்பி, நாளைக்கு ஒரு நாளு கடைக்கு லீவு விடேன்."

"ஞாயித்துக்கிழமையா? விளையாடறீங்களா அண்ணாச்சி!"

சனிக்கிழமை முழுக்க ஆதிமூலம் நாயோடு பேச்சுவார்த்தை நடத்தினார். முதலில் திட்டினார். நாய் வாலாட்டியது. பிறகு கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு கோயில் வாசலுக்கு நாலு தடவை நடத்திக் கூட்டிப்போய், "இதான் கோயிலு. இங்க படுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். நாய் நாலு தடவையும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, கொட்டகை இருக்கிற திசையைப் பார்த்து மூக்கை நீட்டியது. சாயங்காலம் அவர் கெஞ்சவே தொடங்கிவிட்டார்.

"சாமி, ரெண்டு மாசமா என்னை ஏமாத்துன. நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு ஒரே ஒரு நாளு எம் மச்சானையும் ஏமாத்திடு. உனக்கு அது ஒரு வேலையா?"

"யார்கிட்டங்க பேசறீங்க?" என்று பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள்.

"பைரவர்கிட்ட. மந்திரம்."

ஞாயிறு விடிந்தது. இளஞ்செழியன் தனியாக வரவில்லை. கூடவே ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர், சாட்சிக்கு. பந்தயம் தெருவுக்குத் தெரிந்துபோயிருந்ததால் தெருவே வந்திருந்தது. பாஞ்சாலை பட்டுப்புடவையில் வந்தாள். கேட்டதற்கு, "யாரோ ஒருத்தரு மீசை போகப்போகுது, வீடியோவுல நான் நல்லா தெரிய வேணாமா?" என்றாள்.

ஐந்தரைக்கு நாய் கிளம்பியது. இருபதடி பின்னால் ஊர்வலம். யாரும் பேசக்கூடாது என்று இளஞ்செழியன் விரலை உதட்டில் வைத்திருந்தான். ஆதிமூலத்தின் உதடு மட்டும் சிவசிவா என்று அசைந்துகொண்டே இருந்தது.

முனை வந்தது. இந்தப் பக்கம் கோயில். அந்தப் பக்கம் பாயா. நாய் அந்தப் பக்கம் நாலடி வைத்தது. இளஞ்செழியனின் முகம் மலர்ந்தது. காற்றில் மிளகும் கொழுப்பும் மணக்க மணக்க வந்தது. ஊர்வலத்திலேயே இரண்டு பேருக்கு எச்சில் ஊறியது.

நாய் நின்றது. திரும்பிப் பார்த்தது. முப்பது ஆள். முப்பது ஆளும் தன் பின்னால். முப்பது ஆளுக்கும் பசித்த முகம்.

அது எவ்வளவு நேரம் யோசித்தது என்று ஆதிமூலத்தைக் கேட்டால் ஒரு யுகம் என்பார். வீடியோவில் பார்த்தால் நாலு வினாடி. நாலாவது வினாடியில் நாய் சுற்றித் திரும்பி, வாலைத் தூக்கிக்கொண்டு, நேராகக் கோயிலுக்கு நடந்தது. வாசலில் போய்ப் படுத்தது. முன்னங்கால்களை நீட்டி, தாடையைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டது. வாசலில் உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர், "ஆகா, வா ராசா" என்று தன் பையிலிருந்து அசல் விபூதியை எடுத்து அதன் நெற்றியில் பூசினார்.

"அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்று தெருவே கத்தியது. பூ விற்கிற அம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆதிமூலம் மட்டும் நாயை உற்றுப் பார்த்தார். ஒரு கண் லேசாகத் திறந்து கூட்டம் கலைகிறதா என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவருக்கு விளங்கிவிட்டது. முப்பது பங்காளிகளைத் தன் எலும்புக்கு வழிகாட்டிக் கூட்டிப்போக எந்த நாய்க்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? பிஸ்கட்டும் இல்லை, மந்திரமும் இல்லை. அசல் களவாணித்தனம். அந்தக் களவாணித்தனத்தால், நாய்க்கு ஏமாற்றத் தெரியாது என்று ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது!

அருள்ராஜ் சலூனில் அரை மணி நேரத்தில் இடமில்லை. நாற்காலியில் இளஞ்செழியன். கழுத்தைச் சுற்றித் துணி. வாசலில் தெரு.

"சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான் மாமா" என்றான் கண்ணாடியைப் பார்த்து. "கவியா கேட்டா என்னா சொல்றதுன்னுதான்... பரவால்ல. நீங்க பைரவரை நல்லாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கீங்க. நான் மனு வாங்கி வாங்கி மனசு கெட்டுப்போயிட்டேன் போல."

அருள்ராஜ் மீசையில் கிரீமைப் பூசினார். பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டினார்.

ஆதிமூலம் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஜெயித்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்? கூட்டத்தில் யாரோ, "அண்ணே, நாயி அங்கதான் போவும்னு உங்களுக்கு எப்படிண்ணே அவ்ளோ நிச்சயம்?" என்று கேட்டார்கள். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பார்த்தவர் எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகத்தையும் பார்த்துவிட்டார்.

முந்தின நாள் பாயாக்கடையில் பார்த்த அதே முகம்! காது ஒன்றுதான் மடியவில்லை.

கத்தி இளஞ்செழியனின் மூக்கருகே இறங்கியது.

"நிறுத்துப்பா அருளு!"

எல்லோரும் திரும்பினார்கள். ஆதிமூலம் எல்லாவற்றையும் சொன்னார். பாயாவைச் சொன்னார், சாம்பலைச் சொன்னார், நெற்றியைத் தேய்த்துக்கொள்வதைச் சொன்னார், சோமவார விரதத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது வயித்துக்குப் பண்ணுச்சு. நான் எதுக்குப் பண்றேன்? எழுந்திரு மாப்ள."

சலூனின் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. இளஞ்செழியன் துணியோடு துள்ளி எழுந்தான்.

"அப்ப அந்த நாயி இன்னிக்கு என்னையும் ஏமாத்திடுச்சா? முப்பது பேரையா?"

"சாமியாரையும் சேர்த்தா முப்பத்தொண்ணு" என்றாள் பாஞ்சாலை.

"வேணாம் மாமா, விட்டுடுங்க. நீங்களே உண்மையச் சொல்லிட்டீங்க. பந்தயம் ரத்து."

"அண்ணாமலையான் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். உக்காரணும்."

"யாராவது ஒருத்தரு சீக்கிரம் உக்காருங்கப்பா, கிரீம் காயுது" என்றார் அருள்ராஜ்.

ஆதிமூலம் உட்கார்ந்தார். முப்பத்து மூன்று வருடத்து மீசை மூன்று நிமிடத்தில் போனது. இடது பக்கம் மட்டும் போய் வலது பக்கம் மிச்சமிருந்தபோது வாசலில் இருந்தவர்கள் அருள்ராஜைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கண்ணாடியில் யாரோ ஒருவர் தெரிந்தார். மேலுதடு மட்டும் வெயிலே பார்க்காமல் வெளுத்திருந்தது. ஆதிமூலம் அந்த ஆளுக்கு வணக்கம் சொல்லாத குறை.

பாஞ்சாலை அருகே வந்து, முந்தானையால் அவர் கன்னத்திலிருந்த நுரையைத் துடைத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"சின்னப் பையன் மாதிரி இருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் அவர் முதல் தடவையாக, "நீ காலையில சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"போற வழியில பாயா வாங்கிட்டுப் போலாம்" என்றாள் அவள்.

தூக்குப்பாத்திரம் நிறையப் பாயாவோடு மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசல் கேட்டின் உள்ளே, அசல் விபூதி இன்னும் கலையாத நெற்றியோடு நாய் படுத்திருந்தது. ஆதிமூலம் கேட்டில் கை வைத்ததும் எழுந்தது. அவருடைய வெறும் உதட்டைப் பார்த்தது. பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு குரைத்தது பாருங்கள், திருடனைப் பிடித்த மாதிரி, தெருவே அதிர!

"ஐயோ பாவம், மீசை இல்லாம அடையாளம் தெரியல போல" என்றாள் பாஞ்சாலை.

ஆதிமூலத்துக்கு மனசு உடைந்தேபோனது. "பைரவரே... நான்தாங்க..."

இளஞ்செழியன் கேட்டுக்கு மேலாக எட்டி நாயின் பின்பக்கத்தைப் பார்த்தான். முன்பக்கம் உறுமிக்கொண்டிருந்த நாயின் வால், பின்னால் சக்கரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தெரியுது மாமா" என்றான். "நல்லாவே தெரியுது. நடிக்குது."

"டேய்!" என்றார் ஆதிமூலம்.